மரத்தடியே கோர்ட்டு!

தீர்ப்புக்காக 70 பேர் உயிர் கொடுத்த கதை

"நீதிமன்றம்" என்கிறோம். அதில் "மன்றம்" என்றால் என்ன தெரியுமா?

ஊருக்கு நடுவே மரம் நிற்கும் வெட்டவெளியைத்தான் பழந்தமிழர் மன்றம் என்றார்கள். அங்கே வேம்பும் பலாவும் நின்றதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. பெரியவர்கள் மரத்தடியில் கூடுவார்கள். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். சுவரும் இல்லை, கதவும் இல்லை. ஊரே சுற்றி நின்று கேட்கும்.

ஜெர்மனியிலும் மரத்தடி

ஜெர்மனி நாட்டிலும் இந்த வழக்கம் இருந்தது. அங்கே லிண்டன் என்று ஒரு மரம் உண்டு. அரசிலையைப் போல இதய வடிவ இலை, வாசனையுள்ள பூ. அதன் நிழலில்தான் அந்தக் காலத்தில் கோர்ட்டு கூடும். பல நூறு ஆண்டு கண்ட அத்தகைய மரங்கள் சில, கிளைகளுக்கு முட்டுக் கொடுக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன.

நீலி வடித்த கண்ணீர்

ஊரார் முன்னிலையில் தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. சொன்னவர்கள் அதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும் கதை ஒன்று திருத்தணிப் பக்கத்திலேயே வழங்குகிறது.

திருத்தணி தாலுகாவில் உள்ளது திருவாலங்காடு. ஆலமரக் காடாக இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். அதை அடுத்த ஊர் பழையனூர்.

வணிகன் ஒருவன் அங்கே வந்தான். முற்பிறவியில் அவன் கையால் மாண்ட மனைவி நீலி, பேயாகி அவனைத் தொடர்ந்தாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஊர்ச் சபையில் இருந்த 70 வேளாளர்களிடம், "இவர் என் கணவர். என்னைக் கைவிடப் பார்க்கிறார்" என்று அழுதாள்.

"ஐயா! இவள் பெண் அல்ல, பேய்!" என்று வணிகன் கதறினான். குழந்தையோ "அப்பா" என்று அவனிடம் தாவியது.

சபையார் கண்ணீரை நம்பிவிட்டார்கள். அவன் வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டார்கள். "இவளோடு போ. உன் உயிருக்கு ஆபத்து வந்தால் எங்கள் 70 பேர் உயிரும் ஈடு" என்று வாக்குக் கொடுத்தார்கள்.

அன்றிரவே நீலி அவனைக் கொன்றாள். செய்தி அறிந்த 70 பேரும் தீ வளர்த்து, அதில் இறங்கி உயிர் விட்டார்கள். பொய் அழுகையை "நீலிக்கண்ணீர்" என்கிறோமே, அது இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். 7-ம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தரும் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைக் குறிப்பிடுகிறார்.

இன்று என்ன நிலை?

மரத்தடியில் சொன்னதெல்லாம் நல்ல தீர்ப்பு என்று எண்ண வேண்டாம். சாதியின் பெயரால் ஏழை எளியவர்களைத் தண்டித்த கூட்டங்களும் உண்டு. கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ம் ஆண்டில் கண்டிப்பாகக் கூறிவிட்டது.

ஆனால், மன்றத்தின் நல்ல குணம் ஒன்று இன்றும் வாழ்கிறது. விசாரணை திறந்த கோர்ட்டில் நடக்க வேண்டும் என்கிறது நம் நாட்டுச் சட்டம். சில வழக்குகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. மற்றபடி, இடம் இருந்தால் யாரும் உள்ளே போய் அமர்ந்து கேட்கலாம்.

மரம் போனாலும், மக்கள் பார்வையில் நீதி என்ற வழக்கம் போகவில்லை!