உஷார்! கியோட்டோ கோயில் படிகளில் வெயில் காத்திருக்கிறது

ஜூலை, ஆகஸ்டில் ஜப்பானுக்கு டிக்கெட் போட்டாச்சா? ஒரே நாளில் கியோட்டோவின் கியோமிசு தெரா, ஃபுஷிமி இனாரி, கின்காகுஜி கோயில்கள் என்று பட்டியலும் கையில் இருக்கிறதா? ஒரு நிமிஷம். இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

"சென்னை வெயிலையே பார்த்தவங்க நாம!" இந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர். கோடையில் 35 டிகிரி தாண்டுவது அங்கே சகஜம். காற்று அசையாது, புழுக்கத்தில் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. நம் ஊரில் மத்தியான வெயிலில் தலைகாட்ட மாட்டோம். அங்கே போனால் மட்டும் உச்சி வெயிலில் மலையேறுகிறோம்!

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் நடந்தது. மகன், மருமகளோடு ஆகஸ்டில் போயிருந்தார். சைவம் என்பதால் காலையில் ஒரு வாழைப்பழத்தோடு சரி. கியோமிசு தெராவுக்கு ஏறும் சரிவிலேயே மூச்சு வாங்கியது. டாய்லெட் எங்கே தேடுவது என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். மத்தியானம் ஃபுஷிமி இனாரி. செந்நிற வாயில்கள் நெருக்கமாக நிற்கும் பாதை. நிழல்தானே என்று ஏறிக்கொண்டே போனார்கள். பாதி மலையில், "தலை வலிக்குதுப்பா, நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றார். அவர்களும் போனார்கள்.

திரும்பி வந்தபோது அம்மா தூணில் சாய்ந்திருந்தார். "எந்திரிங்கம்மா" என்றால், "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்கிறார்! முகம் சிவந்து, தோல் அனலாய்க் கொதித்தது. ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைக்கும் வரும். படியேறி வராது. ஸ்ட்ரெச்சரில் படிப்படியாகத்தான் இறக்கினார்கள். அந்த நேரமெல்லாம் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் எமன். உயிர் தப்பியது. பயணக் காப்பீடு எடுக்காததால் ஆஸ்பத்திரி பில் முழுக்க மகன் தலையில்.

தலைவலி என்றவரைத் தனியே விட்டுப் போனார்களே, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. விடாதீர்கள். ஒருபோதும் விடாதீர்கள்!

முதலில் தலை சுற்றும், கெண்டைக்கால் இழுக்கும், குமட்டும். அப்போதே இறங்கிவிடுங்கள். பேச்சு தடுமாறினால், நடை தள்ளாடினால், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால் அது சாதாரணக் களைப்பு இல்லை, ஹீட் ஸ்ட்ரோக். வியர்க்கிறதே என்று நம்பி ஏமாறவும் வேண்டாம். வியர்த்துக்கொண்டே விழுந்தவர்களும் உண்டு.

இனாரி மலை 233 மீட்டர்தான். ஆனால் முழுதும் சுற்றிவர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். மேலே போகப் போகத் தண்ணீர் விலையும் ஏறும். கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே உப்பு கலந்த பானமும். வாசலில் அகப்பையோடு இருக்கும் தொட்டித் தண்ணீர் கை கழுவி வாய் கொப்பளிக்கத்தான். தாகம் என்று அதைக் குடித்துவிடாதீர்கள். இனாரிக்குக் கதவடைப்பே கிடையாது, கியோமிசு தெரா காலை 6 மணிக்கே திறந்துவிடும். விடியலில் போய் வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாமே! அதற்காக ராத்திரியில் இனாரி மலை ஏறாதீர்கள். மேலே வெளிச்சம் குறைவு, காட்டுப்பன்றி நடமாட்டமும் உண்டு.

யாராவது சரிந்துவிட்டால் நிழலுக்குக் கொண்டுபோய் உடுப்பைத் தளர்த்துங்கள். குளிர்ந்த பாட்டில்களைக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். தண்ணீர் தெளித்து விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்! உடனே 119-க்குப் போன் செய்யுங்கள். தீயா, ஆம்புலன்ஸா என்று கேட்பார்கள். "க்யூக்யூ" என்றால் ஆம்புலன்ஸ் என்று புரிந்துகொள்வார்கள். கோயில் பெயரைச் சொல்லுங்கள். ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். இன்னொருவர் கீழே இறங்கி, வருகிறவர்களுக்கு வழிகாட்டட்டும்.