சாயும் பெட்டி, தங்கும் குண்டு

1889ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வேவர்லி என்னும் சிற்றூரிலிருந்து ஒரு விளையாட்டுப் பொருள் கடைகளுக்கு வந்தது. கையில் ஏந்தக்கூடிய வட்டத் தட்டு. அதனுள் ஒன்றுக்குள் ஒன்றாக அட்டையாலான வட்டச் சுவர்கள். ஒவ்வொரு சுவரிலும் ஒரு வாயில். நடுவில் ஒரு தொழுவம். வெளி வட்டத்தில் கிடக்கும் நான்கு கோலிக்குண்டுகளையும், கையால் தொடாமல், தட்டைச் சாய்த்துச் சாய்த்தே தொழுவத்தில் அடைத்துவிட வேண்டும். விளையாட்டு இவ்வளவுதான். இதை வடிவமைத்தவர் சார்லஸ் கிராண்டல் என்னும் பொம்மைத் தொழிலதிபர். ஒன்றோடொன்று கோத்து அடுக்கும் மரக்கட்டைகளைச் செய்து முன்னரே பெயர் பெற்றிருந்தவர்.

அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே நாள் ஒன்றுக்கு 8000 தட்டுகள் செய்தும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று அவ்வூர்ப் பத்திரிகை எழுதியது. வாஷிங்டனில் வில்லியம் எவர்ட்ஸ் என்னும் செனட்டர், தெருவில் விற்றவனிடம் ஒன்றை வாங்கிச் சென்றார். சக உறுப்பினர்களும் அதில் மூழ்கிப் போட்டியிடத் தொடங்கினர் என்பது அக்காலச் செய்தி. நாட்டின் சட்டங்களை இயற்றுகின்ற பெரியவர்களை நான்கு கோலிக்குண்டுகள் கட்டிப்போட்டன.

அத்தட்டுக்கு கிராண்டல் இட்ட பெயர் நம் இல்லங்களில் உச்சரிக்க விரும்பப்படுவதன்று. குண்டுகளைப் பன்றிகளாகவும் நடுவிடத்தைப் பட்டியாகவும் அவர் கற்பனை செய்திருந்தார். நம் பிள்ளைகள் அவற்றை ஆடுகள் என்று வைத்துக்கொள்வதில் தடையில்லை. குண்டுகள் ஒன்றும் மறுக்கப்போவதில்லை.

இந்த வகை விளையாட்டு அதன்பின் பல உருவங்களில் உலகைச் சுற்றியது. லண்டனில் ஜோர்னெட் என்னும் நிறுவனம் கண்ணாடி மூடிய சிறு பெட்டிகளைப் பல்லாண்டுகள் செய்து விற்றது. சுவீடனின் பிரியோ நிறுவனம் 1946இல் கொண்டுவந்த மரப்பெட்டியில், இரண்டு திருகுகளைச் சுழற்றிப் பலகையைச் சாய்த்து, 60 குழிகளுக்குத் தப்பிக் குண்டை நடத்திச் செல்ல வேண்டும். நம் ஊர்க் கந்தூரிக் கடைகளிலும் பொருட்காட்சிகளிலும் பிளாஸ்டிக் டப்பிக்குள் இரண்டு மூன்று குண்டுகளோடு விற்கப்படுவது இந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. வாங்கிய அன்று மாலையே பிள்ளைகள் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஏன் எறிகிறார்கள் என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி. ஒன்று, எடுத்த எடுப்பிலேயே முடிந்துவிடுகிறது. அல்லது, எத்தனை முயன்றாலும் முடிவதில்லை. இரண்டும் பிள்ளையின் குற்றமன்று. பெட்டியை அமைத்தவர் அளவைக் கவனிக்கவில்லை.

அந்த அளவு எங்கே இருக்கிறது? பலரும் சுவர்களின் வளைவு நெளிவுகளில் இருப்பதாக நினைக்கின்றனர். என் கணிப்பில் அது குழியின் ஆழத்தில் இருக்கிறது.

முதலில் குண்டின் ஓட்டத்தைப் பார்ப்போம். சமதளமான பெட்டியை ஒரே ஒரு பாகை சாய்த்தால், கெட்டியான குண்டு முதல் விநாடியில் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் உருண்டுவிடும். சிறு பெட்டியின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை அவ்வளவுதான் தூரம். ஐந்து பாகை சாய்த்தால் அதே தூரத்தை அரை விநாடிக்குள் கடந்துவிடும். கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை திரும்புவதற்கே ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது என்பதை நினைவிற்கொண்டால், மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு குறைவு என்பது விளங்கும். குண்டு பெரிதா சிறிதா, இரும்பா கண்ணாடியா என்பதால் இந்த வேகம் மாறுவதில்லை. கனத்த குண்டு விரைந்து ஓடும் என்று மாணவர்கள் ஒரே குரலில் சொல்வார்கள். இரண்டையும் ஒரே பலகையில் ஒருசேர உருட்டிக் காட்டினால்தான் நம்புவார்கள்.

ஆகவே விளையாடுபவர் மிகச் சிறிய சாய்வுகளிலேயே குண்டை நடத்த வேண்டும். ஆனால், முன்னரே குழியில் அமர்ந்துவிட்ட குண்டுகளும் அதே பெட்டியில்தான் இருக்கின்றன. நான்காம் குண்டுக்காகச் சாய்க்கும் சாய்வு முதல் மூன்றையும் சேர்த்தே சாய்க்கிறது. ஒருவனுக்கு இடும் கட்டளையை நால்வரும் கேட்கிறார்கள்! இந்த விளையாட்டின் உயிர் இதில் இருக்கிறது. ஒரு குண்டை மட்டும் வைத்து ஆடினால் அது வெறும் கைப்பழக்கம். இரண்டாவது குண்டு வந்தவுடன், தேடுவதோடு காப்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஹிப்ளு வகுப்பில் பிள்ளைகளை ஓதவைப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. புதிய சபக்கை மாணவர் தடையின்றி ஒப்பிப்பார். சென்ற வாரம் ஓதிய பக்கத்தைக் கேட்டால் மேற்கூரையைப் பார்ப்பார். குர்ஆனை மனனம் செய்தவரைக் கட்டிவைத்த ஒட்டகங்களின் உரிமையாளருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமித்த நபிமொழி நாம் அறிந்ததே. கவனித்துக்கொண்டிருந்தால்தான் அவை கைவசம் இருக்கும். பழைய பாடத்தைத் திரும்பத் திரும்ப ஓதவைப்பதன் நோக்கம், அது தங்கும் குழியை ஆழப்படுத்துவதே.

இனி அந்த ஆழத்தை எப்படி அளப்பது என்பதற்கு வருவோம். எங்கள் மத்ரஸாவில் சென்ற விடுமுறையின்போது, அஸருக்குப் பிந்திய நேரத்தில், மாணவர்களோடு சேர்ந்து சில பெட்டிகளைச் செய்தோம். சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டுகள் கிடைக்கின்றன. பின்சக்கரத்துக்குப் போடும் கால் அங்குலக் குண்டு 6.35 மி.மீ. விட்டம் உடையது. அடித்தளத்துக்குக் கெட்டி அட்டை. அதன்மேல் துளையிட்ட வெள்ளைத் தாள்கள். ஓரங்களில் அட்டைச் சுவர். மேலே சட்டைப் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த கண்ணாடித்தாள். துளைகளைப் பஞ்சிங் மெஷினால் இட்டோம். எத்தனை தாள்களில் துளையிட்டு அடுக்குகிறோமோ அத்தனை தாளின் கனமே குழியின் ஆழம்.

நகலெடுக்கப் பயன்படுத்தும் தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. அந்த ஒற்றைத் தாளின் விளிம்பே கால் அங்குல இரும்புக் குண்டைத் தடுத்து நிறுத்தப் போதுமானது என்றால் வியப்பாக இருக்கலாம். கணக்கு எளியது. குண்டின் ஆரத்திலிருந்து குழியின் ஆழத்தைக் கழித்து, வந்ததை ஆரத்தால் வகுத்தால், எந்தச் சாய்வில் குண்டு விளிம்பேறி வெளியேறுமோ அந்தக் கோணத்தின் கொசைன் கிடைக்கும். ஒரு தாள் ஆழமுள்ள குழியிலிருந்து குண்டு வெளியேற ஏறக்குறைய 14 பாகை சாய்க்க வேண்டும். இரண்டு தாளுக்கு 20 பாகை. மூன்று தாளுக்கு 25. ஐந்து தாளுக்கு 33. முதல் தாள் தரும் காவலே பெரிது. அடுத்தடுத்த தாள்கள் சேர்ப்பது குறைந்துகொண்டே போகிறது என்பதைக் கவனியுங்கள்.

பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நுனியில் ஒரு சாவியைத் தொங்கவிட்டு, பெட்டியின் பக்கத்தில் ஒட்டிச் சோதித்துப் பார்த்தோம். கணக்குச் சொன்ன கோணத்துக்குச் சற்று முன்னரே குண்டு வெளியேறிவிடுகிறது. காரணம் இருக்கிறது. பஞ்சிங் மெஷின் இடும் துளை ஏறக்குறைய 6 மி.மீ. அகலம். அவ்வளவு அகலத்தில் குண்டு அசையாமல் உட்காருவதில்லை. குழிக்குள்ளேயே சிறிது ஓடிவந்து விளிம்பை முட்டி ஏறுகிறது. துளையைச் சிறிதாக்கினால் கணக்கும் கையும் நெருங்கிவருகின்றன. 3 மி.மீ. துளையை ஊசியால் குத்திக் கத்தரியால் செதுக்க மாணவர் ஒருவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. ஆனால், அவருடைய பெட்டிதான் சிறப்பாக அமைந்தது.

ஆழம் குறைந்த குழி குண்டைக் காப்பதில் மட்டும் பலவீனமானதன்று, பிடிப்பதிலும் அப்படியே. வேகமாக வரும் குண்டு ஒற்றைத் தாள் குழியைத் தெருப்பள்ளத்தைத் தாண்டும் பேருந்துபோல் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒரு தாளைக் கூட்டினாலும் குறைத்தாலும் விளையாட்டின் இரு முனைகளும் ஒருசேர மாறுகின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஐந்து தாள், பத்து வயதுக்கு மூன்று, பெரியவர்களுக்கு இரண்டு என்பது எங்கள் அனுபவத்தில் பொருந்திவந்தது. குண்டைச் சிறிதாக்கினாலும் இதே பலன் கிட்டும். அரைக்கால் அங்குலக் குண்டுக்கு ஒரு தாள் குழி, கால் அங்குலக் குண்டுக்கு இரண்டு தாள் குழிக்குச் சமம்.

குழிகளை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மூலையிலோ சுவரோரத்திலோ வைத்தால் சுவரே குண்டைப் பிடித்துக் கொடுத்துவிடும். நட்ட நடுவில் வைத்தால் எந்தப் பக்கத்திலும் துணையில்லை. கண்ணாடித்தாளைக் குண்டின்மேல் உரசாமல், அதே சமயம் அதிக இடைவெளி விடாமல் ஒட்ட வேண்டும்; இடைவெளி மிகுந்தால் குலுக்குகிறபோது குண்டுகள் துள்ளி அதிர்ஷ்டத்தால் விழுந்துவிடும். அதிர்ஷ்டத்தால் முடிவது விளையாட்டைக் கெடுத்துவிடுகிறது.

அதிர்ஷ்டம் என்றதும் மார்க்கக் கேள்வி ஒன்று எழும். பகடை உருட்டும் ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். சதுரங்கத்தைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இந்தப் பெட்டியில் பகடையும் இல்லை, பந்தயமும் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதை நபியவர்கள் தடுக்கவில்லை என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. தொழுகை நேரம் தவறாமலும், பணம் வைக்காமலும் ஆடும் வரையில் இதில் அச்சப்பட ஏதுமில்லை என்பதே நான் கலந்து பேசிய ஆலிம்களின் கருத்துமாகும்.

உருளும் குண்டையும் சாயும் பாத்திரத்தையும் கொண்டு நம் முன்னோர் செய்த வேலை ஒன்றையும் இங்குக் குறிப்பிடலாம். 1206இல் தியார்பக்கிரில் தம் நூலை எழுதி முடித்த அல்ஜஸரீ அவர்களின் யானைக் கடிகாரத்தில், பருந்தின் அலகிலிருந்து விழும் குண்டு பாம்பின் வாயில் சேரும். அதன் கனத்தால் பாம்பு சாய்ந்து, குண்டைக் கலசத்தில் இட்டு நிமிரும். அரை மணிக்கு ஒருமுறை இது நிகழும். இதைக் காட்டி, சாய்வு விளையாட்டையும் நாமே கண்டுபிடித்தோம் என்று உரிமை கொண்டாட நான் முற்படவில்லை. அது கடிகாரம், இது விளையாட்டு. ஆனால் குண்டின் கனமும் பாத்திரத்தின் சாய்வும் எந்த இடத்தில் சமன்படும் என்று அளந்து பார்த்த கண் இரண்டுக்கும் தேவைப்படுகிறது.

இன்று கைபேசியிலேயே இந்த விளையாட்டு இருக்கிறது. சாய்வை உணரும் சில்லு உள்ளே இருப்பதால் திரையில் தெரியும் குண்டு நிஜம்போலவே ஓடுகிறது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதில் ஒரு குறை உண்டு. குழியின் ஆழம் எவ்வளவு என்று பிள்ளையால் தொட்டுப் பார்க்கவும் முடியாது, ஒரு தாளை உருவி எடுக்கவும் முடியாது.

பெற்றோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். பழைய காலத்தில் இத்தகைய பெட்டிகள் சிலவற்றில் குண்டுக்குப் பதிலாகப் பாதரசத் துளியை விட்டு விற்றார்கள். உடைந்தால் அது நச்சு. எங்கேனும் பழைய பெட்டி கிடைத்தால் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். இரும்புக் குண்டும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது. கண்ணாடித்தாளின் நான்கு ஓரங்களையும் நன்றாக ஒட்டி, பசை உலரும் வரை ஓரிரவு கனமான நூல்களின் அடியில் வைத்துவிடுங்கள்.

ஊசியால் துளையிட்ட அந்த மாணவர் விடுமுறை முடியும் தறுவாயில் இன்னொரு பெட்டி செய்து கொண்டுவந்தார். பார்வைக்கு நான்கு குழிகளும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் ஒன்று ஐந்து தாள் ஆழம். மற்றவை மூன்று, இரண்டு, ஒன்று. மேல் தாளில் நான்கு துளைகள். அதற்கு அடுத்ததில் மூன்று. கீழே செல்லச் செல்லத் துளைகள் குறையும்படி அடுக்கியிருந்தார். ஆழமான குழியை முதலில் நிரப்பி, ஆழம் குறைந்ததைக் கடைசிக்கு விட்டால் முடிந்துவிடும். மாற்றிச் செய்தால் கடைசிக் குண்டு வருவதற்குள் முதல் குண்டு போய்விடும். எது ஆழமானது என்று சாய்த்துச் சாய்த்தே கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் அனைவரும் ஆடிப் பார்த்துவிட்டோம். நானும் இரண்டு நாட்கள் திணறினேன். பெட்டி இப்போது வகுப்பு அலமாரியில் குர்ஆன் பலகைகளுக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. வரிசையைக் கண்டுகொண்ட ஐந்தாறு பேர் மற்றவர்களிடம் அதைச் சொல்ல மறுக்கிறார்கள்.