செயலியில் இருப்பது அட்டை எண் அன்று, டோக்கன்

வாளையாறு, குமுளி எல்லைகளைக் கடந்து கோவைக்கும் தேனிக்கும் சென்று வருவோர் பலர், பயணச்சீட்டு முதல் மளிகை வரை கைப்பேசிச் செயலிகளில் பதிவு செய்த அட்டை மூலமே பணம் செலுத்துகின்றனர். அந்த அட்டை எண் செயலி நிறுவனத்திடம் இருப்பதாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால், இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, 2022 அக்டோபர் 1 முதல் வணிக நிறுவனங்கள் முழு அட்டை விவரங்களைச் சேமித்து வைக்கக் கூடாது.

அதற்குப் பதிலாக 'டோக்கன்' எனும் மாற்று எண் உருவாக்கப்படுகிறது. வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்து, ஓடிபி மூலம் உறுதி செய்த பின்னரே இது நடைபெறும், கட்டணம் கிடையாது. ஒரு நிறுவனத்துக்கான டோக்கன் மற்றொன்றில் செல்லாது. எனவே, அது திருடப்பட்டாலும் வேறிடத்தில் பயன்படாது. அடையாளத்துக்காக அட்டையின் கடைசி 4 இலக்கங்களும் வங்கியின் பெயரும் மட்டும் செயலியில் இருக்கலாம்.

கைப்பேசியே தொலைந்தால் நிலைமை வேறு. டோக்கன் காப்பது நிறுவனத்திடமுள்ள தரவுகளைத்தான். பூட்டப்படாத கைப்பேசியை அன்று. ஓடிபியும் அதே கைப்பேசிக்கே வரும் என்பதால், சிம் அட்டையை முடக்குவதுடன் வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால், எல்லையின் எப்புறம் இருந்தாலும் 1930 எனும் தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.