கிண்டி வனமும் வெளிமானும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் கிண்டி ஸ்டேஷனில் இறங்குவோர், நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு வனம் இருப்பதை எளிதில் உணரமாட்டார்கள். கிண்டி தேசியப் பூங்கா என்ற அவ்வனத்தின் விஸ்தீரணம் சுமார் 270 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 668 ஏக்கர். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் இது ஒன்றாகும்.

கில்பர்ட் ராடெரிக்ஸ் என்பவருக்குச் சொந்தமாயிருந்த இவ்விடத்தை 1821-ஆம் வருஷத்தில் சர்க்கார் 35,000 ரூபாய்க்கு வாங்கினர். 1910-இல் சுமார் 505 ஹெக்டேர் நிலம் ரிஸர்வ் காடாக வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் காந்தி மண்டபத்துக்கும், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும், வேறு பல ஸ்தாபனங்களுக்கும் காட்டுநிலம் பிரித்தளிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் நற்காரியமே, ஆயினும் ஒவ்வொரு முறையும் காடு குறைந்தது. எஞ்சியதே 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று.

சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய வறண்ட பசுமைக்காட்டு வகையைச் சேர்ந்தது இவ்வனம். நரி, கீரி, மரநாய், குரங்கு, புள்ளிமான் ஆகியன இங்கு வாழ்கின்றன. எனினும் இதற்குத் தனிப் பெருமை தருவது வெளிமான். ஆண்மானுக்கு முறுக்கிய நீண்ட கொம்புகளும் கருமையான மேனியும் உண்டு; பெண்மான் வெளிறிய பழுப்பு நிறமானது. 1972-ஆம் வருஷத்து வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டப்படி இதை வேட்டையாடுதல் குற்றமாகும்.

வேட்டையைத் தடுத்தால் மட்டும் இம்மான் பிழைத்துவிடாது. திறந்த வெளியில் வாழ்வது என்பதை அதன் பெயரே உணர்த்துகிறது. பகையைத் தொலைவிலேயே கண்டு, வேகமாக ஓடித் தப்புவதே அதன் இயல்பு. முக்கிய ஆகாரம் புல். சீமைக் கருவேலமும் புதர்களும் வெளியில் பரவினால், நிழலில் புல் குன்றும், ஓடுவதற்கும் இடமிராது. தழையும் உதிர்ந்த பழமும் தின்னும் புள்ளிமான் புதர்க்காட்டிலும் பிழைத்துக்கொள்ளும். வெளிமானுக்கு அது இயலாது. சுற்றிலும் நகரம் சூழ்ந்திருப்பதால் வேறு புல்வெளி தேடிச் செல்லவும் வழியில்லை. ஆகையால் புதர்களை அகற்றிப் புல்லை வளர்ப்பதும் வனப் பாதுகாப்பேயாகும்.

ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் இதைக் கவனித்தல் நலம். மரமில்லாத மேய்ச்சற் புறம்போக்கைப் பலர் வீண்நிலமென்று எண்ணி, வேறு காரியங்களுக்குச் சிறிது சிறிதாகப் பிரித்துவிடுகின்றனர். அல்லது கருவேலம் மூடும்படி விட்டுவிடுகின்றனர். புல்லும் ஒரு செல்வமே. அதை இழந்தால் கிண்டியில் வெளிமான் நலியும். கிராமத்தில் கறவை மாடு நலியும்.