இஸ்திரிப் பெட்டி தானாக அணைகிறதா?

துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவே பஞ்சு வைத்து, 'குவில்ட்' போர்வை தைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் இஸ்திரிப் பெட்டிதான் உங்கள் இரண்டாவது மெஷின். நாலு தையல் போட்டதும் ஒரு தடவை தையலை அழுத்திவிட வேண்டும். மறுபடி மெஷின், மறுபடி பெட்டி. மணிக்கணக்கில் அது சூடாகவே நிற்கும். நடுவில் குக்கர் விசில் அடிக்கும், குழந்தை அழும். எழுந்து போய்விடுவீர்கள். ஆபத்து அந்த ஐந்து நிமிடத்தில்தான்!

"எங்க வீட்டுல ஆட்டோமேட்டிக் பெட்டிதானே டாக்டர்!" என்பார்கள் பல தாய்மார்கள். இங்கேதான் குழப்பம். நம் ஊர்க் கடைகளில் 'ஆட்டோமேட்டிக்' என்று சொல்வது பெரும்பாலும் தெர்மோஸ்டாட் உள்ள பெட்டியைத்தான். சூடு ஏறியதும் சின்ன விளக்கு அணையும்; சூடு குறைந்தால் மறுபடி எரியும். பெட்டி நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. கரண்ட் இருக்கும்வரை சூட்டைக் காத்துக்கொண்டே இருக்கும். பருத்திக்கு வைக்கிற மூன்று புள்ளிச் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ்.

'ஆட்டோ ஷட்-ஆஃப்' என்பது வேறு. பெட்டி அசையாமல் இருப்பதை உணர்ந்து, தானே சூட்டை நிறுத்திக்கொள்ளும். படுக்கவைத்தால் சுமார் 30 விநாடி, நிமிர்த்தி வைத்தால் சுமார் 8 நிமிடம் என்பது பல மாடல்களில் உள்ள கணக்கு.

வாங்கும்போது கவனியுங்கள்

* நிமிர்ந்து நிற்கிற நேரம் மிகக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு தையலுக்கும் பெட்டி ஆறிப்போய் எரிச்சல் வரும். 8 நிமிடமாவது நின்று, கையில் எடுத்ததும் மறுபடி சூடேறுகிற மாடல் குவில்ட்டுக்கு ஏற்றது. கடையிலேயே சொருகி, அணைவதைக் காட்டச் சொல்லுங்கள்.

* கையில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றினால் இன்னும் கால் கிலோ கூடலாம். குவில்ட்டில் இழுத்துத் தேய்க்கக் கூடாது, துணி கோணிவிடும். வைத்து எடுக்க வேண்டும். நூறு தடவை தூக்கினால் மணிக்கட்டும் தோளும் என்ன ஆகும்? மேஜையும் தோள் உயராத உயரத்தில் இருக்கட்டும்.

* ஐ.எஸ்.ஐ. முத்திரையும் மூன்று பின் பிளக்கும் அவசியம். 6 ஆம்பியர் சின்ன பிளக் 230 வோல்ட்டில் சுமார் 1,380 வாட்தான் தாங்கும். அதற்கு மேற்பட்ட நீராவிப் பெட்டிக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

* போர்வெல் உப்புத் தண்ணீர் நீராவித் துவாரங்களை அடைத்துவிடும். எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். வேலை முடிந்ததும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

சுட்டுவிட்டால்?

பேனா மை, டூத் பேஸ்ட், காபித்தூள், மாவு எதுவும் தடவாதீர்கள். ஐஸ் கட்டியும் கூடாது. வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சித்த மருத்துவத்தில் தீப்புண்ணுக்குத் தைலங்கள் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், முதல் மருந்து தண்ணீர்தான். சூடு முழுக்க இறங்கிய பிறகு, கொப்புளம் இல்லாத சின்னச் சிவப்புக்குக் கழுவிய சோற்றுக்கற்றாழைச் சோறு தடவலாம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். முகத்தில் பட்டாலும், உள்ளங்கை அகலத்துக்கு வெந்தாலும், சுட்டது குழந்தை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பெட்டி தானாக அணைந்தாலும் அடிப்பாகம் உடனே ஆறிவிடாது. தொங்குகிற ஒயரைப் பிடித்து இழுக்கிற குழந்தைக்கு எந்த ஆட்டோ ஷட்-ஆஃபும் காவல் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒயரையும் எட்டாமல் வையுங்கள். அந்தக் காவல் உங்கள் கையில்தான்!