அம்மாவின் மாத்திரையும் பிள்ளையின் இரவும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஒழுங்கான தூக்கம் கிடையாது. விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்துத்தான் கண் மூடுவார்கள். நடுச்சாமத்தில் எழுந்து சிரிப்பார்கள், கட்டிலில் குதிப்பார்கள், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தாழ்ப்பாளை நீக்கித் தெருவில் இறங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. அதனால் வீட்டில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

அந்த அம்மாவுக்கு பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து சில இரவுகள் தூக்கம் கெட்டாலே அந்த நோய் கிளம்பிவிடக்கூடும். அதைத் தடுக்க இரவில் கொடுக்கும் மாத்திரைகள் பலவும் ஆளை அடித்துப் போடுபவை. போட்டால் பிள்ளை எழுந்தது தெரியாது. போடாவிட்டால் நோய் எழுந்துவிடும். இந்த இக்கட்டில் பிள்ளைக்காக மாத்திரையை நிறுத்திவிடும் தாய்மார் உண்டு. மருத்துவரிடம் சொல்வதும் இல்லை. பிறகு நோய் முற்றி மருத்துவமனைக்கு வரும்போது ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்’ என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறும். ஏன் சாப்பிடவில்லை என்று எழுத அதில் இடம் இருக்காது.

இது எங்கோ ஒரு வீட்டின் கதை அல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும், அதே அளவினருக்குப் பதற்ற நோயும் இருப்பதாகச் சொல்கிறது. பிள்ளையை வளர்க்கும் பாட்டில் நோயானவர்களும் இதில் உண்டு, பிள்ளை பிறக்கும் முன்பே நோயோடு இருந்தவர்களும் உண்டு. இரண்டாம் வகையினருக்கு ஒரு கேள்வி கூடுதலாக உறுத்தும்: ‘என்னால்தான் இப்படி ஆச்சா?’

இந்தக் கேள்வியை விதைத்ததில் மருத்துவ உலகத்துக்கே பங்கு இருக்கிறது. லியோ கேனர் 1943-இல் 11 பிள்ளைகளை விவரித்து ஆட்டிசத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவர்களுடைய பெற்றோரின் பாசக் குறைவைப் பற்றியும் எழுதிவைத்தார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் ஒரு புத்தகமே போட்டு, பழியை முழுதாகத் தாயின் தலையில் ஏற்றினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்த உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், இதன் வேர் உடலில் இருக்கிறது, வளர்ப்பில் அல்ல என்று வாதிட்டிருந்தார். பின்னால் வந்த அறிவியல் அவர் பக்கம்தான் நின்றது. ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை அலசி 2019-இல் வெளியான ஆய்வு, ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய 80 சதவீதம் என்று கணக்கிட்டது. நம் ஊர் உறவினர்களுக்கு இதெல்லாம் இன்னும் வந்து சேரவில்லை. ‘செல்போனைக் கொடுத்தே கெடுத்துட்டே’ என்பது பெட்டல்ஹைமின் குரல்தான்.

ஒரு மருந்தின் பெயரை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வால்ப்ரோயேட். வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரப்படுவது. கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு கூடுகிறது. டென்மார்க்கில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வின்படி, பொதுவாக 1.5 சதவீதமாக இருந்த வாய்ப்பு, இம்மருந்து எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் 4.4 சதவீதம். அதாவது, நூற்றில் 95 பேருக்கு மேல் வரவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மனநல மருத்துவரிடம் பேசி மாற்று மருந்துக்குப் போவதுதான் வழி. அதைச் சொல்லாமல் மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால் தவறு சீட்டு எழுதியவருடையது, சாப்பிட்டவருடையது அல்ல.

சரி, பகலுக்கு வருவோம். ஸ்பீச் தெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பயிற்சி தருவார். மிச்சத்தை வீட்டில் செய்யச் சொல்வார். ‘நிறையப் பேசுங்க, முகத்தைப் பார்த்து விளையாடுங்க.’ மனச்சோர்வு முதலில் பறிப்பதே பேச்சையும் முகத்தையும்தான். சோற்றைப் பிசைந்து ஊட்டுவதற்கே உடம்பு வராத நாளில் பலூன் ஊதி ‘பெரிசு, சின்னது’ என்று சிரித்துக் காட்ட எந்தத் தாயால் முடியும்? வீட்டுப்பாடம் நடக்கவில்லை என்றால் தெரபிஸ்டுகள் அக்கறையின்மை என்று எளிதில் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப இடையீட்டு மையமும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கலாம். ஆனால் பிள்ளையின் சீட்டு ஒரு கட்டடத்தில், அம்மாவின் சீட்டு இன்னொன்றில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. அம்மாவின் சிகிச்சை பிள்ளையின் தெரபியில் ஒரு பகுதி என்று நம் மையங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாள் ஒழுங்காக, முன்கூட்டியே தெரிந்ததாக இருக்க வேண்டும். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கும் மருத்துவர் அதையேதான் சொல்கிறார்: ஒரே நேரத்தில் எழு, ஒரே நேரத்தில் சாப்பிடு, ஒரே நேரத்தில் படு. சுவரில் ஒட்டும் படக் கால அட்டவணை இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

இரவுக்கு முறை வைத்தே ஆக வேண்டும். அம்மா மாத்திரை போடும் இரவுகளில் விழிப்பது அப்பாவின் வேலை. ஒத்தாசை இல்லை, வேலை. ஆள் இல்லாத வீட்டில் தாழ்ப்பாளை உயரத்துக்கு மாற்றுவதும் கதவில் மணி கட்டுவதும் கொஞ்சம் உதவும். ‘இதைப் போட்டால் பிள்ளை எழுவது தெரியவில்லை’ என்று மருத்துவரிடம் அப்படியே சொல்லலாம். வேளையையோ அளவையோ மருந்தையோ மாற்ற அவரால் முடியும். பிள்ளையின் தூக்கத்துக்கும் சிகிச்சை உண்டு. படுக்கும் நேரப் பழக்கங்களைச் சீராக்கியும் பலன் இல்லை என்றால், மருத்துவர் மெலடோனின் தரலாம்.

மருத்துவரிடம் சொல்லத் தடுப்பது பயம். ‘பைத்தியம்னு சொல்லி பிள்ளையைப் பறிச்சிடுவாங்க.’ இந்து திருமணச் சட்டம் மனக்கோளாறை மணவிலக்குக்கு ஒரு காரணமாக வைத்திருப்பது உண்மை. ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் கடுமையை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவு: நீதிமன்றம் அறிவிக்காத வரை, மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகமாட்டார். சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். மருத்துவமனையில் தாய் சேர்ந்தால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை வழக்கமாக அவரிடமிருந்து பிரிக்கக் கூடாது. நோய் தீவிரமானால் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. எழுதும்போது, சட்டம் கேட்காத இன்னொரு தாளையும் எழுதிவைப்பது நல்லது: பிள்ளை என்ன சாப்பிடும், எந்தச் சத்தத்துக்கு மிரளும், கையைப் பிடித்து இழுத்தால் என்ன அர்த்தம், நான் இல்லாத நாளில் யாரிடம் இருக்கும். இந்த விவரங்கள் அம்மாவின் தலைக்குள் மட்டுமே இருக்கும் வீடுகள்தான் அதிகம்.

‘எனக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வி எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதான ஆட்டிசம் உள்ளவருக்கு மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் குழு பாதுகாவலரை நியமிக்கும். அந்தக் கேள்வி ‘நான் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடலாமா’ என்று மாறினால், அது பாசமும் அல்ல பாவமும் அல்ல. நெஞ்சுவலியைப் போல அன்றைக்கே பார்க்க வேண்டிய நோயின் அறிகுறி. மருத்துவரிடம் போக நேரம் இல்லை, பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இல்லை என்றால் போனையாவது எடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.