மெண்டோசா போட்ட கோடு

கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் திரும்புகிறவரை 'முட்டை' என்று கேலி செய்கிறோம். அமெரிக்க பேஸ்பாலிலோ கேலிக்கு ஓர் ஆட்டக்காரரின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

அவர்தான் மாரியோ மெண்டோசா. 1950-ல் மெக்சிகோவில் பிறந்தவர். 1974 முதல் 1982 வரை பிட்ஸ்பர்க், சியாட்டில், டெக்சாஸ் என்று மூன்று அணிகளுக்கு மாறி மாறி 686 ஆட்டங்கள் ஆடினார். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பது அவர் வேலை. அதில் சூரர். 'பட்டுக் கைக்காரர்' என்று மெக்சிகோ ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

மட்டையைத் தொட்டால்தான் வம்பு. 1979-ல் 148 ஆட்டங்களில் இறங்கியும் அவருடைய சராசரி ஆயிரத்துக்கு 198 தான். அதாவது, ஐந்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. கூட ஆடியவர்கள் விளையாட்டாக 'மெண்டோசா கோடு' என்றார்கள். பிரபல வீரர் ஜார்ஜ் பிரெட் வாயிலாக அது பரவியது, வர்ணனையாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். 200-க்குக் கீழே இறங்கியவர் எல்லாம் 'கோட்டுக்குக் கீழே' போனவர்!

வேடிக்கை என்னவென்றால், மெண்டோசாவின் மொத்த சராசரி 215. அவர் கோட்டுக்கு மேலேதான் இருந்தார்!

அடிக்கத் தெரியாதவரை ஒன்பது சீசன்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்க அணி முதலாளிகள் ஏமாளிகளா? அவர் கைகள் தடுத்த ஓட்டங்களுக்காகத்தான் வைத்திருந்தார்கள். எடுத்த ஓட்டம் கணக்கில் ஏறும். தடுத்த ஓட்டத்தை யார் எழுதி வைக்கிறார்கள்?

மெக்சிகோ எழுதி வைத்தது. தாய்நாடு திரும்பிப் பல ஆண்டுகள் ஆடிய அவருக்கு, 2000-ல் அந்நாட்டு பேஸ்பால் புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது.